சில்வர் மரத்துப் பச்சைப் புள்ளிகள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். தையல்காரிக்கு அது ஆகாது என்று என் கடைக்கு வருகிற எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றால், டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு நான் உட்கார்ந்துகொள்வேன். அவள் மூச்சு விட்ட பிறகுதான் அளவு. அப்படிப்பட்ட என்னைப் பிடித்து, ஊர் ஜனங்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லி ஒவ்வொரு போனிலும் பேரிடர் செயலியை ஏற்றிக் கொடுக்க வேண்டும் என்று பொறுப்பு ஒப்படைத்தார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

ஏற்காடு மலையில், நாகலூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் என் கடை. மகளிர் குழுவுக்கு நான்தான் தலைவி. அதனால் எந்தக் கூட்டம் போட்டாலும் முன் நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவியை அடக்கிக்கொள்ள வேண்டியது என் தலையெழுத்து. அன்றைக்குத் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு இளைஞர் வந்திருந்தார். மெலிந்த தேகம், நல்ல பிள்ளை, சட்டையின் தோள் மட்டும் ஒரு சுற்றுப் பெரிது. மழைக்காலத்துக்கு முன்னால் மலையில் எல்லாரும் இந்தச் செயலியை வைத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினார். மண்சரிவோ பெருமழையோ வருகிறது என்றால் போன் சைரன் அடிக்கும். ‘அறிந்தேன்’ என்ற பட்டனை அழுத்தினால்தான் நிற்கும். வீட்டு ஆட்களை ஒரு ‘குடும்ப வட்டத்தில்’ சேர்த்துவிட்டால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும். பச்சை என்றால் பத்திரமான இடம், சிவப்பு என்றால் ஆபத்தான இடம், சாம்பல் நிறம் என்றால் தொடர்பு இல்லை. சொல்லி முடித்து, எனக்கு ஒரு ஆரஞ்சு நிறக் கோட்டும் ஒரு விசிலும் கொடுத்தார். அந்தக் கோட்டுக்குள் என்னை மாதிரி இன்னொருத்தி நுழையலாம். மறுநாளே பிரித்து என் அளவுக்குத் தைத்துக்கொண்டேன்.

நான் தலையாட்டியது ஊர்ப் பற்றினால் இல்லை. என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். போன மழைக்காலத்தில் சேலம் இறங்குகிற மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவைத் திரும்பும்போது, ஒரு பசுமாடு அளவுக்குப் பாறை மேலிருந்து உருண்டு வந்து ஜீப்பின் பின்னால் விழுந்திருக்கிறது. விழுந்த வேகத்தில் ஸ்பேர் டயர் உறையை உரசிவிட்டுப் போனது. அந்த உறையில் என் கடை விளம்பரம் எழுதியிருந்தோம். ‘லேடீஸ் டெய்லர், ஒரே நாளில் ரவிக்கை தைத்துத் தரப்படும்’ என்று போட்டு, கீழே என் போன் நம்பர். ‘ஒரே நாளில்’ என்பதை மட்டும் பாறை வழித்துக்கொண்டு போய்விட்டது. விளம்பரம் அதற்குப் பிறகுதான் உண்மைக்குப் பக்கத்தில் வந்தது என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார் மனுஷன். என்னிடம் மூச்சு விடவில்லை. டீக்கடை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதைக் கேட்ட அன்றைக்கு அவர் இல்லாத வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்துவிட்டேன். நினைத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அவர் கையைப் பிடித்து இழுத்து என் தையல் மெஷின் மேல் வைத்தேன். மழை மாதங்களில் மலையிறங்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். சாமி படத்தின் மேல் வாங்கியிருக்கலாம். ஆனால் அவர் சாமிக்குப் பயப்படுகிற ஆள் இல்லை, மெஷின் நின்றால் சோறு நிற்கும் என்பது அவருக்கும் தெரியும்.

அதனால்தான் இந்தச் செயலி என்றதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் ஆளைக் கண்ணில் வைத்திருக்க ஒரு வழி கிடைத்தது. அதற்காக ஊரையே ஏற்ற வேண்டும் என்றால் ஏற்றிவிட்டுப் போகிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

யாரும் அசையவில்லை. ஒருத்தர் போனில் இடமே இல்லை. திறந்து பார்த்தால் முழுக்க ‘இனிய காலை வணக்கம்’ படங்கள், ரோஜாப் பூவோடு. அழிக்கலாமா என்று கேட்டதற்கு, அனுப்பியவர் மனசு கஷ்டப்படும் என்றார். இன்னொரு வீட்டில் போனைக் கொடுக்கவே மாட்டேன் என்று முந்தானைக்குள் வைத்து முடிந்துகொண்டாள் அந்த அம்மா. அவள் தம்பி ஏதோ கடன் செயலியை ஏற்றப்போய், சொந்தபந்தம் முழுக்கப் போன் செய்து மானத்தை வாங்கிவிட்டார்களாம். இதை வைத்தால் நிவாரணம் முன்கூட்டியே வருமா என்று ஒருத்தர் கேட்டார். காட்டெருமை வந்தால் சொல்லுமா என்று ஒருத்தர். இது நியாயமான கேள்வியாகப் பட்டதால் தாலுகாத் தம்பிக்கே போன் போட்டுக் கேட்டேன். காட்டெருமை பேரிடர்ப் பட்டியலில் இல்லை என்றார்.

“அப்ப அது என்னத்துக்குங்க?” என்று கேட்டுவிட்டுக் காட்டெருமைக்காரர் வாழைக்குக் களை வெட்டப் போய்விட்டார்.

இதில் முதல் எதிரி என் வீட்டுக்காரர்தான். ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறேன், என் வீட்டு ஆள் போனில் இல்லை என்றால் எந்த முகத்தோடு அடுத்த வீட்டுப் படி ஏறுவது? ரேடியோக் காலத்தில் மழை பெய்யவில்லையா, ஜனம் பிழைக்கவில்லையா என்று வாதம் செய்தார். கடைசியில் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து நானே ஏற்றி, குடும்ப வட்டத்தில் சேர்த்துவிட்டேன். வெளியே வந்து பார்த்தவர், தலை துவட்டிய துண்டோடு கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கம்முனு சாப்பிட உட்கார்ந்தார். தோற்றுவிட்டார் என்று நினைத்தேன்.

ஊர் மாறியது டீக்கடை அக்காவால். என் மேல் இரக்கப்பட்டு அவள் மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தாள், புருஷனையும் வட்டத்தில் சேர்த்திருந்தாள். ஒரு நாள் அந்த ஆள் வெள்ளக்கடை கிராமத்தில் மிளகுக் கொடி பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்கா சும்மா திறந்து பார்த்தால், புள்ளி ஏற்காட்டில் ஒயின் ஷாப் வாசலில் பச்சையாக நிற்கிறது. பத்திரமான இடம் என்று வேறு போட்டிருக்கிறது. அக்கா பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். அங்கே என்ன நடந்தது என்று இருவரும் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்தபோது அந்த ஆள் கையில் ஒரு கிலோ மிளகு இருந்தது, காசு கொடுத்து வாங்கியது.

அன்று பொழுது சாய்வதற்குள் என் கடை வாசலில் பெண்கள் வரிசை. எல்லார் கையிலும் இரண்டு போன், தன்னுடையது ஒன்று, புருஷனுடையது ஒன்று. ரோஜாப் பூவெல்லாம் பறந்தது. முந்தானையில் முடிந்து வைத்தவள்தான் முதல் ஆள். பக்கத்து ஊர் தலைச்சோலையிலிருந்துகூட இரண்டு பேர் ஸ்கூட்டரில் வந்தார்கள். மண்சரிவைப் பற்றி ஒருத்தியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புள்ளி எவ்வளவு துல்லியமாகக் காட்டும், கடைக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரியுமா, அதுதான் கேள்வி. தாலுகாத் தம்பி போனில் கூப்பிட்டு, மலையிலேயே எங்கள் ஊரில்தான் பொதுமக்கள் இத்தனை ஆர்வமாக இருக்கிறார்கள், நீங்கள் எப்படி விழிப்புணர்வு ஏற்படுத்தினீர்கள் என்று நெகிழ்ந்து போய்க் கேட்டார். எல்லாம் குழுவின் ஒத்துழைப்பு என்று சொல்லிவிட்டேன்.

ஆண்கள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அப்புறம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முகம் தெளிந்துவிட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எஸ்டேட் சரிவுக்குள் இறங்கிவிட்டால் சிக்னல் கிடையாது. மேட்டில், சரிவு தொடங்குகிற இடத்தில், ஒரு பெரிய சில்வர் ஓக் மரம் நிற்கிறது. சில்வர் மரம் என்போம். அதன் அடியில் மட்டும் நன்றாகக் கிடைக்கும். அதனால் காப்பிப் பழம் எடுக்க இறங்குகிறவர்கள் போன்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு அந்த மரத்துக் கிளையில் மாட்டிவிட்டு இறங்குவார்கள். இது செயலிக்கெல்லாம் முன்னாலிருந்தே இருக்கிற பழக்கம். எந்தப் போன் சேவல் மாதிரிக் கூவும், எது குழந்தை மாதிரிச் சிரிக்கும் என்று சரிவில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். சேவல் கூவினால் சேவல்காரர் மேலே ஏறி வருவார். அந்தப் பழக்கம்தான் இப்போது ஆண்களுக்குக் கை கொடுத்தது. காலையில் பையில் போட்டுவிட்டால் சாயங்காலம் வரை புள்ளி மரத்தடியில் பச்சையாக நிற்கும். ஆள் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

எங்களுக்கு அது தெரியாது. பழம் எடுக்கிற பருவம், ஆண்கள் எல்லாரும் சரிவில் வேலையாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரரும், இந்த மாதங்களில் ஜீப்பை எஸ்டேட்டுக்கே விட்டுவிட்டேன், பழத்தைச் சரிவிலிருந்து பல்பர் ஊட்டுக்கு அடிக்கிற வேலை, வெளியே போகிற பேச்சே இல்லை, போன் நனைந்துவிடும், அதனால் மரத்தில் மாட்டிவிடுகிறேன் என்றார். பல்பர் ஊடு என்பது பழத்தின் தோலை உரிக்கிற மெஷின் இருக்கிற கொட்டகை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொள்வேன். காஜா எடுக்கும்போது ஒரு பார்வை, பட்டன் வைக்கும்போது ஒரு பார்வை. பச்சைப் புள்ளி அசையாமல் இருக்கும். வெளியே மழை கொட்டும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரு மழைக்காலத்தை நான் அவ்வளவு நிம்மதியாகக் கழித்ததில்லை. மெஷினில் அடிநூல் சுற்றுகிற பாபின் மட்டும் அடிக்கடி சிக்கியது. நூல் சரியில்லை என்று நூல் வாங்குகிற கடையை மாற்றினேன்.

தாலுகாத் தம்பி இன்னொரு தடவை கூப்பிட்டார். வரைபடத்தில் எங்கள் ஊர் ஆண்கள் தினமும் ஒரே உயரமான இடத்தில் கூடியிருப்பதைப் பார்த்தாராம்.

“அக்கா, எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாடியே பாதுகாப்பான இடத்துல கூடிர்றாங்க. இதை நான் எந்த ஊர்லயும் பாக்கலைங்க” என்றார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நாள் வந்தது. மழை ஒரு வாரமாக விடவில்லை, அன்று காலையில்தான் சற்று ஓய்ந்து மஞ்சு மூட்டம் இறங்கியிருந்தது. ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். போன் சைரன் அடித்தது. அதுவரை அது அடித்துக் கேட்டதில்லை, கத்தரி கையிலிருந்து விழுந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே ‘அறிந்தேன்’ என்பதை அழுத்திச் சத்தத்தை நிறுத்திவிட்டு, நேராக வரைபடத்துக்குப் போனேன். என் வட்டத்தில் அவர் புள்ளி மரத்தடியில் பச்சையாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது.

அப்போது அது நகர்ந்தது. மெதுவாக இல்லை. மரத்திலிருந்து விருட்டென்று பள்ளத்தின் பக்கம் போனது. அந்தப் பக்கம் பாதை கிடையாது. பாறை, பாறைக்குக் கீழே காப்பிச் செடி, அதற்கும் கீழே ஓடை. புள்ளி விளிம்பில் ஒரு கணம் நின்றது. பிறகு சாம்பல் நிறமானது.

ரோட்டைத் தாண்டி டீக்கடை அக்கா ஓடி வந்தாள், கையில் டீ வடிகட்டியோடு. அவள் புருஷன் புள்ளியும் அதே இடத்தில், அதே மாதிரி. பஸ் ஸ்டாப்பில் நின்ற இன்னும் இரண்டு பெண்களும் தங்கள் போனைப் பார்த்துவிட்டு எங்களிடம் ஓடி வந்தார்கள். எல்லாப் புள்ளியும் ஒன்றாக நகர்ந்து, ஒன்றாக அணைந்திருக்கிறது. மேடு இடிந்துவிட்டது, மொத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டது என்பதைத் தவிர யாருக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

நான் ஆரஞ்சுக் கோட்டை மாட்டினேன், விசிலை வாயில் வைத்தேன், ஓடினேன். எதற்கு ஊதுகிறேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் ஊதிக்கொண்டே ஓடினேன். போன் அடித்தது. பெயர் இல்லாத நம்பர். பர்சனல் லோன் வேண்டுமா என்று தினமும் ஒருத்தி கூப்பிடுவாள், வேளை பார்க்க மாட்டாள். துண்டித்தேன். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தேன்.

மூன்று பேரும் பின்னால் ஓடி வந்தார்கள், அக்கா அழுதுகொண்டே. அழுகைக்கு நடுவே அவள் புருஷனுடைய நல்ல குணங்களை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு நாள் கைநீட்டியதில்லையாம், தங்கமான மனசாம், குழம்பில் உப்பு இல்லை என்றாலும் வாய் திறக்காமல் சாப்பிடுவாராம். பத்து வருஷமாக அவள் டீயைக் குடிக்கிறேன், இதில் ஒன்றைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

மேட்டுக்கு வந்து பார்த்தால் மேடு இருந்தது. சில்வர் மரம் இருந்தது. மண் ஒரு பிடி நகரவில்லை. பை மட்டும் இல்லை. கீழே, காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து, பத்துப் பன்னிரண்டு சைரன் சேர்ந்து அலறுகிற சத்தம் வந்தது. ஈர இலையில் வழுக்கி, பாதி தூரம் உட்கார்ந்தே இறங்கினோம். ஒரு செடியின் மேல் மஞ்சள் பை சிக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாறையில் ஒரு பெரிய குரங்கு. இன்னும் நான்கைந்து மேலே மரத்தில். யாரோ போன்களோடு சேர்த்து ஒரு பன்னையும் பைக்குள் போட்டிருக்கிறார்கள். அதற்காகப் பையைத் துழாவும்போது சைரன் அடிக்க, மிரண்டு பையோடு ஓடியிருக்கிறது குரங்கு. அலறல் நிற்கவில்லை என்றதும் பையைப் போட்டுவிட்டு, பன்னை மட்டும் விடாமல் வைத்திருந்தது. எங்களைப் பார்த்துக்கொண்டே சாவகாசமாகத் தின்றது.

அக்கா அழுகையைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். போன் இங்கே, ஆள் எங்கே? கொஞ்சம் தள்ளி பல்பர் ஊட்டுப் பக்கமிருந்து ஆண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்கா தன் புருஷன் சிரிப்பை அடையாளம் கண்டுகொண்டாள். அங்கே போகிற வழியில், வரும்போது சொன்ன நல்ல குணங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டே நடந்தாள்.

உள்ளே சாக்கு விரித்துச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மழைக்குப் பழம் எடுப்பு நின்று பல நாள் ஆகிறதாம். நாங்கள் நான்கு பெண்களும் வாசலில் நின்றோம், என் கழுத்தில் விசில், அக்கா கையில் இன்னும் அந்த வடிகட்டி. அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் நடந்ததை எழுதினால் குழுவின் பெயர் கெடும். நான் அதில் கலந்துகொள்ளவில்லை. முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் இல்லை.

எங்கே என்று கேட்டேன். கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் தன் கையிலிருந்த சீட்டைக் கீழே கவிழ்த்து வைத்தார்.

“அவரு சேலம் எறங்கீட்டாருங்க அக்கா. காத்தாலயே.”

“இன்னைக்கு மட்டுமா?”

“நெதமும்தானுங்க. ஆரஞ்சு லோடு, பஸ் கிடைக்காத ஆளுங்க… இங்கயே சுத்தினா ஜீப்புக்கு வேலை இல்லைங்களே.”

நான் பையிலிருந்து அவர் போனைத் தேடி எடுத்தேன். அதுவும் அலறிக்கொண்டிருந்தது. நிறுத்துவதற்கு முன்னால் முதல் தடவையாக அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன். சேலம் மலைப்பாதையில் மண்சரிவு, வாகனங்கள் செல்ல வேண்டாம், சென்றுகொண்டிருப்பவர்கள் உடனே நிறுத்தவும். என் போனிலும் இதேதான் வந்திருக்கிறது, நான் பட்டனை அழுத்திவிட்டு வந்துவிட்டேன். அவருக்கும் எச்சரிக்கை நேரத்துக்குச் சரியாகத்தான் வந்திருந்தது. மரத்துக்கு வந்திருந்தது.

அக்கா என் தோளைப் பிடித்தாள், நான் தட்டிவிட்டேன். சிக்னல் வேண்டும் என்று மறுபடி மேட்டுக்கு ஏறினேன். மரத்தைப் பிடித்துக்கொண்டு யாருக்குப் பேசுவது என்று யோசித்தேன். அவர் போன் என் கையிலேயே இருக்கிறது. அந்தப் பாறை இந்தத் தடவை பின்னால் விழுந்திருக்குமா, மேலேயே விழுந்திருக்குமா என்பதைத் தவிர மனசில் வேறு எதுவும் நிற்கவில்லை. இத்தனை நாளும் நான் பார்த்துப் பார்த்து நிம்மதியாக இருந்தது ஒரு துணிப்பையை. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

போன் அடித்தது. அதே பெயர் இல்லாத நம்பர். இந்தத் தடவை எடுத்தேன். வாயில் வந்ததை எல்லாம் கொட்டினேன். உனக்கு வேளை பொழுது கிடையாதா, லோனும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், என் வீட்டுக்காரர் எங்கே கிடக்கிறாரோ தெரியவில்லை, நீ வட்டி எவ்வளவு என்று சொல்ல வந்துவிட்டாயா, உன் கம்பெனி விளங்குமா என்று மூச்சு விடாமல் பேசினேன். மறுமுனை பொறுமையாக முழுவதையும் கேட்டது.

“ஏ புள்ள, நாந்தான்” என்றது.

மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே வளைவுக்கு முன்னாலேயே பஸ், லாரி எல்லாம் நின்றுவிட்டதாம், மண் விழுந்தது முன்னால், ஜீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, தனக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார். இது பஸ் கண்டக்டருடைய போனாம், எத்தனை தடவை அடிப்பது, ஏன் துண்டித்துத் துண்டித்து விட்டாய், அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று என்னையே கோபித்துக்கொண்டார்.

என் நம்பர் அவருக்கு எப்படி நினைவிருந்தது என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அதைக் கேட்கத் தோன்றியது.

“உன்ற நம்பரு எனக்கெங்க தெரியும்? போனுல ‘ஊடு’ன்னு அழுத்துனா நீ வருவ. டயர் கவர்ல பாத்துப் போட்டேன். ஒரே சேறு, தொடச்சுட்டுப் போட்டேன்.”

மண் விழாத குப்பனூர்ப் பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு சாயங்காலம் வந்து சேர்ந்தார். திட்டுவதற்கு நான் பகல் முழுக்க வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஆள் கடை வாசலில் முழங்கால் வரை சேறோடு வந்து நின்றதைப் பார்த்ததும் பாதி மறந்துவிட்டது. மீதியைச் சொன்னேன். சத்தியம் செய்துவிட்டு இப்படியா, அந்த மெஷின் என்ன பாவம் செய்தது, இப்போது தெரிகிறது இரண்டு மாதமாகப் பாபின் ஏன் சிக்குகிறது என்று கத்தினேன். அவர் மெஷின் மேல் கை வைக்கப் போனார். கையை எடுங்கள் என்றேன்.

“நீ அந்தப் பச்சையப் பாத்துக்கிட்டே பயமில்லாமத் தெச்சுட்டு இருந்த. பாக்கறதுக்கு நொம்ப நல்லா இருந்துச்சு. அதை எதுக்குக் கெடுக்கறதுன்னுதான்” என்றார். சுடுதண்ணி வைக்கப் போனேன்.

மறுநாள் அவருடைய காக்கிச் சட்டைகளை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சட்டைப் பை மூடியின் உள்பக்கம், சிவப்பு நூலில், என் நம்பரை ஒவ்வொரு சட்டையிலும் தைத்தேன். போனை மரத்தில் மாட்டலாம், குரங்கு தூக்கிக்கொண்டு போகலாம். சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு அவர் சேலம் போக முடியாது. நான் என்ன ஆஸ்பத்திரிப் போர்வையா என்று முணுமுணுத்தார், ஆனால் போட்டுக்கொண்டார்.

இதை டீக்கடை அக்கா பார்த்தாள். பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. அடுத்த வாரம் என் கடையில் ரவிக்கைத் துணியே இல்லை, எல்லாம் ஆம்பளைச் சட்டை. கடன் செயலிக்குப் பயந்தவர்கள், இடமில்லை என்றவர்கள், காட்டெருமைக்காரர் உட்பட ஒருவர்கூட இதற்கு மாட்டேன் என்று சொல்லவில்லை. நடுவில் ஒருத்தர் தனியாக வந்து, இந்த நம்பரையும் கீழே சின்னதாகப் போட முடியுமா என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். யாருடையது என்று கேட்டேன். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தாலுகாத் தம்பி வந்தபோது நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். குரங்கு பகுதி வந்ததும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பொதுமக்கள் இனிமேல் செயலியைப் பயன்படுத்தத் தயாராக இருக்கிறார்களா என்று கடைசியில் கேட்டார். இருக்கிறார்கள் கண்ணு என்றேன். அது பொய் இல்லை. யாரும் அழிக்கவில்லை, சைரன் அடித்தால் நிறுத்துவதற்கு முன்னால் படிக்கிறோம், என் போனை நானும் படிக்கிறேன். சட்டை நம்பர் விஷயத்தை அறிக்கையில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது கொஞ்சம் தயங்கி, தன் சட்டையிலும் போட முடியுமா என்றார். யார் நம்பர் என்றேன். அம்மாவுடையது என்றார். நிற்க வைத்து அப்படியே தைத்துக் கொடுத்தேன், சட்டைத் தோளையும் கொஞ்சம் உள்ளே பிடித்துத் தைத்தேன்.

இத்தனைக்கும் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் மணி அடித்து ஓய்ந்த நேரம், நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால் வீட்டுக்காரர் என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் என் ஆரஞ்சுக் கோட்டு. வாயில் நூல். ஊசியில் நூல் கோக்கவே அரை மணி நேரம் ஆகியிருக்கும், விரலில் இரண்டு இடத்தில் ரத்தம்.

“ஊருக்கெல்லாம் போட்ட. விசில ஊதிக்கிட்டு மொதல்ல ஓடறது நீ. உன்னுதுல எங்க?” என்று கேட்டார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. வாங்கிப் பார்த்தேன். கோட்டின் உள்பக்கம், நீல நூலில், அவருடைய நம்பர். ஒரு எண் மேலே ஏறியிருந்தது, ஒன்று கீழே இறங்கியிருந்தது. தையல் நீளமாகவும் குட்டையாகவும் கோணலாகவும் போனது. ஒரு சின்னப் பெண் இப்படித் தைத்துக்கொண்டு வந்தால் நான் பிரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். கை பரபரத்தது. பிரிக்கவில்லை.

ஆனால் ஒரு எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. அவசரத்துக்கு எவனோ எடுத்துப் படித்துத் தப்பாகப் போட்டுவிட்டால் என்ன செய்வது? என் போனை எடுத்து, தையலைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். முதல் தடவை ஒன்று என்று போட்டேன். தர்மபுரியில் யாரோ ஒரு அம்மா எடுத்து, யாருங்க என்றார். தப்பு நம்பருங்க என்று வைத்தேன். இரண்டாவது தடவை ஏழு என்று போட்டேன்.

மணி அவர் சட்டைப் பையிலேயே அடித்தது.